பையின் எடையும் சகரத்தின் இடமும்

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் ஒரு எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில் என் பயணப் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

“என்ன சார், லேப்டாப்பை எடைக்குப் போடப் போறீங்களா?”

“எடை போடத்தான் அண்ணாச்சி, எடைக்குப் போட இல்ல.”

நான் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைப்பவன். வீடு மதுரையில், வேலை தருகிறவர்கள் பெரும்பாலும் சென்னையில். மாதத்துக்கு இரண்டு முறையாவது வைகையிலோ பாண்டியனிலோ போய்வர வேண்டியிருக்கிறது. வலது தோளில் ஒரு வலி வந்து உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், தோளைவிடப் பையைத்தான் அதிகம் விசாரித்தார். “உள்ளே என்னதான் வெச்சிருக்கீங்க?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அதனால்தான் தராசு.

ஒவ்வொன்றாக வைத்து, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். 15.6 அங்குல மடிக்கணினி 2.24 கிலோ. அதன் சார்ஜர், தடித்த மூன்று முனை வயரோடு சேர்த்து 520 கிராம். வெளி ஹார்ட் டிஸ்க் உறையோடு 240. மவுஸ் 100. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எப்போதோ உள்ளே போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி 410. எதற்கென்றே மறந்துபோன வயர்ச் சுருள் 170. அகராதி 1.12 கிலோ. வெறும் பை மட்டும் 1.18 கிலோ. மொத்தம் 5.98.

அதுவரை கனத்துக்கெல்லாம் கணினிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பார்த்தால் அது பாதிகூட இல்லை. எதுவுமே வைக்காத காலிப் பையும், ஆறு மாதமாகப் பிரிக்காத எக்ஸ்டென்ஷன் பெட்டியும் சேர்ந்தே ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “ஆறு கிலோ அரிசி சார் இது” என்றார்.

முதலில் வந்த யோசனை, கணினியே வேண்டாம் என்பது. போன் இருக்கிறது, மடக்கு கீபோர்டு ஒன்று வாங்கினால் போதும், சென்னையில் தங்கும் அறையில் டிவி இருக்கிறது, அதில் இணைத்துக்கொள்ளலாம். கீபோர்டு 1,700 ரூபாய், யூஎஸ்பி-சியில் இருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் வயர் 900 ரூபாய். வயரை மாட்டினேன். டிவியில் ஒன்றும் வரவில்லை. வயரைத் திருப்பி மாட்டினேன், போனை அணைத்துப் போட்டேன், டிவியின் எல்லாத் துளைகளிலும் செருகிப் பார்த்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கான பெயர் மட்டும்தான். அதன் வழியே என்னென்ன போகும் என்பது கருவிக்குக் கருவி மாறும். படம் வெளியே வர டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு என்றொரு வசதி வேண்டும். நடுத்தர விலை போன்கள் பலவற்றில் அந்த நவீனத் துளைக்குப் பின்னால் இருப்பது பழைய யூஎஸ்பி 2.0 தான், அதில் சார்ஜ் போகும், கோப்பு போகும், படம் போகாது. வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய விவரத்தை 900 ரூபாய் கொடுத்துப் படித்தேன்.

அக்கா மகனிடம் 10.5 அங்குல டேப்லெட் ஒன்று சும்மா கிடந்தது. “ரெண்டு வாரம் வெச்சுப் பாருங்க மாமா, பிடிச்சா நீங்களே எடுத்துக்கோங்க” என்று கொடுத்துவிட்டான். டேப்லெட் 470 கிராம். கையில் எடுத்தபோது தோள் ஏற்கெனவே குணமாகிவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அதை நிற்க வைத்து எழுத, கீபோர்டோடு வரும் உறை வேண்டும். அந்த உறை 510 கிராம். சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. டேப்லெட் வாங்கி எடை குறைக்க நினைப்பவர்கள் உறையோடு சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். 12.9 அங்குல ஐபேட் ப்ரோவை அதன் மேஜிக் கீபோர்டோடு சேர்த்தால், 1.29 கிலோ எடையுள்ள எம்1 மேக்புக் ஏரைவிடக் கனமாகிவிடும்.

டேப்லெட்டைக் குறை சொல்ல மட்டும் மனம் வரவில்லை. பிடிஎஃப் மெய்ப்பில் பேனாவால் சுழித்து, ஓரத்தில் எழுதி, கோடிழுத்துத் திருத்துவது காகிதத்தில் செய்வது போலவே சுகமாக இருந்தது. அந்த வேலை மட்டும் செய்கிறவராக இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்தியிருப்பேன். என் வேலையில் பாதிக்கு மேல் தட்டச்சு. அங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது.

நான் இருபது வருடமாகத் தமிழ்99 முறையில் அடிப்பவன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு விசை போதும், நமக்குப் போதாது. அதனால் வலது ஓரத்தில் நிறுத்தக்குறிகள் இருக்கும் விசைகளையும் தமிழ்99 எடுத்துக்கொள்கிறது. ச இருப்பது சதுர அடைப்புக்குறி விசையில். அதற்குப் பக்கத்து அடைப்புக்குறியில் ஞ. அரைப்புள்ளியில் ந. மேற்கோள் குறியில் ய. சாய்கோட்டில் ழ.

சின்ன கீபோர்டு செய்கிறவர்கள் இடம் பற்றாதபோது எந்த விசைகளை நசுக்குவார்கள்? ஆங்கில எழுத்து இல்லாத விசைகளைத்தான். என் மடக்கு கீபோர்டில் சதுர அடைப்புக்குறிகளுக்குத் தனி விசையே இல்லை, எஃப்என் விசையை அழுத்திக்கொண்டு வேறொன்றை அழுத்த வேண்டும். டேப்லெட் உறையில் அவை இருந்தன, ஆனால் பாதி அகலத்தில். மேற்கோள் குறி ஒரு வரிசை கீழே இறங்கிப் போயிருந்தது. ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று அடிப்பதற்குள் நான்கு இடத்தில் விரல் தடுமாறியது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அடைப்புக்குறி எப்போதாவது வரும் விருந்தாளி. நமக்கு ச இல்லாமல் ஒரு வரி நகருமா?

போதாததற்கு, டேப்லெட்டில் நான் வைத்திருந்த தமிழ் விசைப்பலகைச் செயலி திரையில் தொட்டால் தமிழ் தந்தது, வெளிக் கீபோர்டில் அடித்தால் ஆங்கிலம் தந்தது. செயலி மாற்றி, அமைப்புகளைத் தோண்டி, இரண்டு மாலை போனது. பதினைந்தாம் நாள் டேப்லெட்டை அக்கா மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆக, என்ன வாங்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் அதனதன் இடத்தில், விரலுக்கு அடங்கும் அளவில் இருக்க வேண்டும். 1.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஏற வேண்டும், அப்போதுதான் போனுக்கும் அதற்கும் ஒரே சார்ஜர். வைகையில் மதுரையிலிருந்து எழும்பூர் போய்ச் சேர ஏழரை மணி நேரம்போல ஆகும். அதில் சாப்பாடு, தூக்கம், வேடிக்கை போக ஆறு மணி நேரம் பேட்டரியில் ஓட வேண்டும். புதிதாக வாங்கினால் இத்தனையும் கிடைக்கும், ஆனால் விலை என் மூன்று மாத வருமானம். பழையதுதான் வழி.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கழிக்கும் மடிக்கணினிகள் அங்கே அடுக்கடுக்காக வரும். நான் மனதில் வைத்திருந்தது திங்க்பேட் எக்ஸ்280. 2018இல் வந்தது, 12.5 அங்குலத் திரை, உடம்பு சிறிதானாலும் கீபோர்டை நசுக்காத வகை. இதில் ரேம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. பிறகு கூட்ட முடியாது. எட்டு ஜிபி இருப்பதை வாங்கினால் கடைசி வரை எட்டுதான். என் வேலைக்கு அது போதும்.

திரையில்தான் கவனம் வேண்டும். ஒரே மாடலில் 1366க்கு 768 திரையும் உண்டு, 1920க்கு 1080 திரையும் உண்டு. கடைக்காரர், “எல்லாம் ஒண்ணுதான் சார், சின்ன ஸ்கிரீன்ல என்ன வித்தியாசம் தெரியப் போகுது” என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். முதலாவதில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறியது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மெய்ப்புப் பார்க்கிறவனுக்குப் புள்ளி தெரியாவிட்டால் வேறு என்ன இருக்கிறது? இரண்டாவதையே எடுத்தேன்.

பழைய கணினி வாங்குகிறவர்களுக்கு உதவலாம் என்பதால் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான, இலவசமாகக் கிடைக்கும் டெபியன் லினக்ஸை நேரடியாக இயக்கும் பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். முதலில் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போனேன். அங்கே கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியைத் தொடவே கூடாது, பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு யூஎஸ்பி-சி துளைகளிலும் மாறி மாறிச் சார்ஜ் போட்டேன். கீபோர்டில் ஒவ்வொரு விசையாக அழுத்தினேன், அந்த ஐந்தை மட்டும் பத்துப் பத்து முறை. கடைசியாக பேட்டரி. தயாரித்தபோது 48 வாட்-மணி கொள்ளளவு. இப்போது நிரம்பினால் நிற்பது 30.7 என்று காட்டியது. 64 சதவீதம். விண்டோஸ் இருந்தாலும் அதன் பேட்டரி அறிக்கையில் இந்த இரண்டு எண்களும் கிடைக்கும். அந்த எண்ணைக் காட்டித்தான் 19,000 சொன்னதை 17,500க்குக் கொண்டுவந்தேன்.

ஊருக்கு வந்து பேட்டரியை நானே மாற்றினேன், 3,400 ரூபாய். இது உள்ளே இருக்கும் பேட்டரி. மின்சாரம் உள்ள கணினியைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தேன், ஆனால் அதற்கு பயாஸிலேயே ஒரு வழி இருக்கிறது. மின்சாரம் பற்றிய பக்கத்தில், உள் பேட்டரியைத் துண்டிக்கும் ஒரு வரி. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தால் கணினி அணைந்துவிடும். மறுபடி சார்ஜர் மாட்டும்வரை உயிர் வராது. பிறகு அடிமூடித் திருகுகள். அவை கழன்று கீழே விழாமல் மூடியிலேயே தங்கிவிடும். சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடும் சடங்கு மிச்சம். ஓரத்துக் கொக்கிகளை விடுவிக்கக் காலாவதியான ஏடிஎம் அட்டை. கீல் இருக்கும் பக்கத்தில் அவசரப்பட்டு ஒரு கொக்கியை உடைத்தேன். மூடினால் வெளியே தெரியவில்லை, ஆனால் எனக்குத் தெரிகிறது. முக்கால் மணி நேர வேலை. கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்தேன்.

பேட்டரி மாற்றிய கணினியில் டெபியன் 12 போட்டேன், அதன் மேல் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை முகப்பு. தமிழ் அடிக்க ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல், அதில் எம்17என் என்ற தொகுப்பு தரும் தமிழ்99. கணினியின் கீபோர்டு அமைப்புப் பட்டியலிலேயே ஒரு தமிழ்99 இருக்கும், ஐபஸ் இல்லாமலே வேலை செய்யும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் தானாகப் புள்ளி விழாது. க-வை இரண்டு முறை அடித்தால் க்க வர வேண்டும், ங-வும் க-வும் அடித்தால் ங்க வர வேண்டும். தமிழ்99இன் வேகமே அங்கேதான். அதனால் எம்17என். திரையில் எழுத்து பொடியாகத் தெரிந்ததால் எழுத்துரு அளவை மட்டும் ஒன்றரை மடங்காக்கினேன்.

மின்சாரச் செலவைக் கவனிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். வெளிச்சத்தை 40 சதவீதத்தில் வைத்து லிப்ரே ஆபிஸில் அடித்துக்கொண்டிருந்தால் ஐந்து வாட்டுக்குச் சற்று மேல். உலாவியில் காணொளி ஓடினால் பத்தைத் தாண்டியது. 48ஐ ஐந்தரையால் வகுத்தால் எட்டரை மணி நேரத்துக்கு மேல். வீட்டில் எப்போதும் சார்ஜரிலேயே கிடப்பதால், டிஎல்பி என்ற நிரலை வைத்து 80 சதவீதத்தோடு சார்ஜ் நின்றுவிடும்படி அமைத்தேன். பேட்டரி நிறைய நாள் உழைக்கும். பயணத்துக்கு முந்தின நாள் ஒரு கட்டளை கொடுத்தால் நூறு வரை ஏற்றும். இந்தக் கட்டளையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சார்ஜர்: சின்ன உடம்பில் அதிக மின்சாரம் தரும் காலியம் நைட்ரைடு வகை, 65 வாட், 120 கிராம். பழைய 520 கிராம் செங்கல் பரணுக்குப் போனது. வயரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 20 வோல்ட்டில் 65 வாட் போக மூன்று ஆம்பியருக்குக் கொஞ்சம் கூட வேண்டும். இரண்டு முனையிலும் யூஎஸ்பி-சி உள்ள சாதாரண வயர் மூன்று ஆம்பியர் வரைதான் அனுமதிக்கும், அதாவது 60 வாட். ஐந்து ஆம்பியர் தாங்கும் வயரில் அதைச் சொல்லும் சின்னச் சில்லு உள்ளேயே இருக்கும். எக்ஸ்280க்கு 60 வாட்டே தாராளம், ஆகவே மெல்லிய வயரையே வைத்துக்கொண்டேன், 50 கிராம். இன்னொன்று, இரண்டு துளை உள்ள சார்ஜரில் நடுவில் போனைச் செருகினால், ஒரு நொடி கணினிக்கும் மின்சாரம் நின்று பிறகு வரும். யாருக்கு எவ்வளவு என்று சார்ஜர் மறுபடி பங்கு போடுகிறது. முதல் தடவை பயந்துவிட்டேன்.

ரயிலில் சார்ஜ் போடுவது தனிக் கதை. பல பெட்டிகளில் வருவது 110 வோல்ட். இந்தச் சார்ஜர்கள் 100 முதல் 240 வரை வாங்கிக்கொள்ளும் என்பதால் அது பிரச்சினை இல்லை. துளைதான் பிரச்சினை. எல்லா வகைச் செருகியும் நுழைய வேண்டும் என்று அகலமாக வைத்து, எதுவுமே உள்ளே நிற்காது. 120 கிராம் கட்டி ஒன்று சுவரில் தொங்கினால் திண்டுக்கல் வருவதற்குள் கழன்றுவிடும். அதற்காக ஒரு சாண் நீளத்தில் இரண்டு முனை நீட்டிப்பு வயர், 90 கிராம். கனமான சார்ஜர் இருக்கையில் கிடக்கும், லேசான செருகி மட்டும் சுவரில். இரவு ரயிலில் 11 மணி முதல் காலை 5 வரை அந்த முனைகளில் மின்சாரத்தை நிறுத்தி வைப்பது வழக்கம், தீ விபத்துக்குப் பயந்து. ஆகவே தூங்கும்போது ஏறட்டும் என்ற திட்டம் பாண்டியனில் செல்லாது. பவர் பேங்க் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இருபதாயிரம் மில்லி ஆம்பியர் என்பது 74 வாட்-மணி. நல்லதுதான், ஆனால் 400 கிராமுக்கு மேல். அது இல்லாமலே ஆறு மணி நேரம் ஓடும்போது எதற்கு?

ஹார்ட் டிஸ்க் வீட்டிலேயே தங்கிவிட்டது. வீட்டுக் கணினியும் இதுவும் சின்க்திங் என்ற நிரல் வழியாகக் கோப்புகளை ஒன்றுபோல வைத்துக்கொள்கின்றன. பென் டிரைவ் ஒன்று பிரதிக்கு. கணினி தொலைந்தால் பிறர் கோப்புகள் வெளியே போகக் கூடாது என்பதால் வட்டு முழுவதையும் பூட்டியிருக்கிறேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை அரசு 2010லேயே ஏற்றுக்கொண்ட பிறகும், பாமினியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் அடித்த கோப்புகள் இன்றும் வருகின்றன. அவற்றை மாற்ற ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் ஒரு கருவி இருக்கிறது. இணையம் வேண்டாம் என்பது ரயிலில் பெரிய வசதி.

அகராதியை எடுத்து வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. 1.12 கிலோ, இருபது வருடப் பென்சில் குறிப்புகளோடு. கோல்டன்டிக்ட் என்ற அகராதி நிரலில் அகராதிக் கோப்புகளை ஏற்றிக்கொண்டேன். தேடியது உடனே வருகிறது. ஆனால் தேடாதது வருவதில்லை. ஒரு சொல்லைத் தேடிப் போய்ப் பக்கத்துச் சொல்லில் அரைமணி நேரம் தொலைவது இப்போது வீட்டில் மட்டும்தான்.

பை: கித்தான் துணிப் பை, உள்ளே என் மனைவி பழைய போர்வையை மடித்துத் தைத்துக் கொடுத்த உறை. இரண்டும் சேர்ந்து 420 கிராம். மவுஸ் சின்னதாக, 60 கிராம். மறுபடி அண்ணாச்சி கடை. கணினி 1.17 கிலோ, எல்லாம் சேர்த்து 1.91. நான்கு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது, அதில் கணினியின் பங்கு ஒரு கிலோவும் கொஞ்சமும்தான்.

முதல் பயணம் வைகையில். திண்டுக்கல் தாண்டித் திறந்தபோது பேட்டரி 80 சதவீதம் என்று காட்டியது. நூறு வரை ஏற்றும் அந்தக் கட்டளையைக் கொடுக்க மறந்திருந்தேன். என் இருக்கையின் முனையிலோ மின்சாரமே இல்லை. வெளிச்சத்தை ஒரு படி குறைத்து, வைஃபையை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். திருச்சிக்கு முன்னால் முன்னிருக்கைக்காரர் சாய்ந்தார். பழைய கணினியாக இருந்திருந்தால் திரை என் மார்பைத் தொட்டிருக்கும், இதில் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டால் சரியாகிவிட்டது. தாம்பரத்தில் மூடும்போது 14 சதவீதம் மீதி இருந்தது, 41 பக்கம் முடிந்திருந்தது.

இரண்டாவது பயணம் பாண்டியனில். பத்தரை மணிவரை சார்ஜரில் வைத்து வேலை செய்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழும்பூரில் இறங்கும் அவசரத்தில் அந்த ஒரு சாண் நீட்டிப்பு வயரைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது 1.82.